ஆறு வருட வேலை, கையில் 'கன்சல்டன்ட்' ஒப்பந்தம்

கேள்வி: பெரிய சுற்றுச்சூழல் தொண்டு நிறுவனம் ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பித்தார்கள். நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் பட்டுப்போயிருந்தும், எல்லாம் பிழைத்ததாக அறிக்கை எழுதச் சொன்னார்கள். மறுத்தேன். அடுத்த மாதமே 'புராஜெக்ட் முடிந்தது' என்று அனுப்பிவிட்டார்கள். வழக்குப் போடலாமா? அவர்களுக்கு அனுப்பவிருக்கும் மெயிலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஞாயிற்றுக்கிழமை கூட்டங்கள், 'இது வேலையில்லை, சேவை' என்ற பேச்சு, மேலாளரின் ஏளனம் என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது, ஆனால் வழக்குக்கு அதில் ஒரு வரிகூட உதவாது. கன்று விவகாரமும் அப்படித்தான். ஊழலை வெளிப்படுத்துவோரைக் காக்கும் 2014 சட்டம் அரசு ஊழியர் மீதான புகாருக்கானது.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வருடக் கடைசியில் உங்களுக்குத் தந்த வரிப்பிடித்தச் சான்று எது, சம்பளத்துக்கான படிவம் 16 தானா, மற்றக் கட்டணங்களுக்கான படிவம் 16ஏ-வா? 16ஏ என்றால் காகிதத்தில் நீங்கள் ஊழியரே இல்லை, கன்சல்டன்ட். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 2020-ல் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்த பிறகு, சம்பளத்தை நிர்வாகச் செலவாக இல்லாமல் புராஜெக்ட் கணக்கில் காட்டும் நெருக்கடி இந்தத் துறையில் அதிகம். ஆனால் லீவுக்கு அனுமதி கேட்டு மெயில் போட்டிருந்தால், வருகைப் பதிவு இருந்தால், பெயரைத் தாண்டி உண்மையைப் பார்க்கச் சொல்லி வாதாடலாம். அது நின்றால் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடை, வருடத்துக்கு 15 நாள் சம்பளம். வேலை திரும்பக் கிடைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். வேலைநீக்க வழக்குகளுக்கான சட்டம், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், தர்ம, சமூக சேவை அமைப்புகளைத் 'தொழில்' என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டது.

இப்போது அந்த மெயில். "பாக்கியைத் தராவிட்டால் உள்துறைக்கும் நன்கொடையாளர்களுக்கும் எழுதுவேன்." தயவுசெய்து அனுப்பாதீர்கள். புகார் கொடுப்பது உங்கள் உரிமை. பணம் கொடு, இல்லாவிட்டால் புகார் என்று எழுதினால் அதையே மிரட்டிப் பணம் பறித்தல் என்று காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள். அப்புறம் நீங்கள் வாதி இல்லை, முன்ஜாமீன் தேடுகிறவர்.

இன்னொன்று, 'ஆதாரம்' என்று சொல்லியிருக்கிறீர்களே, அலுவலக டிரைவிலிருந்து இறக்கியதா? என்னிடம் வந்த ஒருவர் வேலையை விடும் இரவில் நன்கொடையாளர் பட்டியல் முழுவதையும் தன் ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொண்டார். வலுவான கேஸ்தான். எதிர்த்தரப்பு அதைத் தொடவே இல்லை, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் புகார் கொடுத்தது, மூன்று வருடம் வரை சிறை. கடைசியில் இரு பக்கமும் கைவிட்டுச் சமாதானம் ஆனார்கள், அவருக்கு ஒரு ரூபாய் வரவில்லை. உங்கள் நியமனக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், லீவு மெயில்கள், இவை போதும். மற்றதைத் தொடாதீர்கள், யாருக்கும் ஃபார்வர்டும் செய்யாதீர்கள். ஃபேஸ்புக் பதிவும் வேண்டாம், அவதூறு வழக்கு அதற்காகவே காத்திருக்கும்.

வெளிப்படையாகச் சொன்னால், சமரசம் பேசுங்கள். இந்தத் துறை சின்னது, அடுத்த வேலைக்கும் பழைய இடத்தில்தான் விசாரிப்பார்கள். மூன்று மாதச் சம்பளம், கிராஜுவிட்டிக்கு ஈடான தொகை, நல்ல அனுபவச் சான்றிதழ் கேளுங்கள். அவர்களுக்கும் பெயர் கெடாமல் இருக்க வேண்டும், பேச வருவார்கள். 'இனி பாக்கி ஏதுமில்லை' என்ற தாளை நீட்டினால், பணம் வங்கியில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.