பிளக், காயில், பாயின்ட்: வாசகர் கேள்விகள்

கே: காலையில் கார் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. ஸ்பார்க் பிளக் மாற்றலாமா?

ப: என்ன கார், எந்த வருஷம், பெட்ரோலா டீசலா, ஒன்றும் எழுதவில்லை. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். பெட்ரோல் என்றால் விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: பிளக் எத்தனை கிலோமீட்டர் வரும்?

ப: சாதா பிளக் 20 ஆயிரம், 30 ஆயிரம். இரிடியம் 80 ஆயிரத்துக்கு மேலும் தாங்கும். கேஸில் ஓடும் வண்டிக்குச் சீக்கிரமே மாற்றுங்கள். என்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும். பிளக் உட்காரும் என்ஜின் மேல்பகுதி (ஹெட்) அலுமினியம், சூட்டில் திருகினால் மரையும் சேர்ந்து வந்துவிடும்.

கே: இரிடியம் பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். சரிதானே?

ப: இல்லை. நடு முனையின் பருமனே அரை மில்லிமீட்டர்தான். புதுசு வாங்குங்கள்.

கே: ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங், சரியாக எரியவில்லை. மெக்கானிக் என்ஜின் ஓடும்போதே, பிளக் தலையில் உட்கார்ந்து அதற்கு உயர் வோல்ட் தரும் காயில்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். இப்போது இரண்டு சிலிண்டர் அடிக்கவில்லை.

ப: அடிக்காது. இதை எத்தனை தடவைதான் எழுதுவது! அம்பாசடர் காலத்துப் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்த்த கை, இன்றைய வண்டியிலும் அதையே செய்கிறது. ஒயர் சாக்கெட் மாட்டியபடி காயிலைத் தூக்கினால், 20, 30 ஆயிரம் வோல்ட் பிளக்குக்குப் போக வழியில்லாமல் காயிலின் இன்சுலேஷனையே துளைத்துக்கொண்டு போகும். அப்படி வந்த ஒரு காயிலை நான் பிரித்தேன்: பிளக்கை மூடும் ரப்பர் உறையின் உட்புறம் பென்சிலால் கிழித்ததுபோல மெல்லிய கருங்கோடு. கரன்ட் போன தடம் அது. போதாக்குறைக்கு, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் உருக்கும்; அதன் விலைக்கு ஒரு டஜன் காயில் வாங்கலாம்.

என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, 2-ஆம் சிலிண்டர் காயிலை 3-க்கும் 3-இன் காயிலை 2-க்கும் மாற்றிப் போடுங்கள். ஸ்கேனரில் பி0302 (2-ஆம் சிலிண்டர் மிஸ்ஸிங்) என்று வந்தது பி0303 (3-ஆம் சிலிண்டர்) ஆக மாறினால் காயில்தான் போச்சு. மாறவில்லையா, பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று வரிசையாகப் பாருங்கள்.

கே: பிரீமியர் பத்மினி. திறந்து மூடிப் பொறி வரவைக்கும் பாயின்ட் அடிக்கடி கருகுகிறது.

ப: முதலில், பாயின்டில் பொறி பறக்காமல் தணிக்கும் கண்டென்சரை மாற்றுங்கள். புதுப் பாயின்டுக்கு 0.45 மி.மீ. வாக்கில் இடைவெளி (கேப்) வைத்து, பிளக்கில் பொறி விழும் நேரத்தையும் (டைமிங்) பாருங்கள். கேப் கூடினால் டைமிங் முந்தும்; பலர் இதை மறந்துவிட்டுக் கார்புரேட்டரைத் திட்டுவார்கள்.

கே: பழைய மாருதி 800, மழையில் மட்டும் திணறுகிறது.

ப: இருட்டில் பானட்டைத் திறந்து, ஓடும் என்ஜினைத் தொடாமல் பாருங்கள். ஒயரிலோ, பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ நீலப்பொறி ஓடினால் அதை மாற்றுங்கள்.

கே: பிளக் மரையில் கிரீஸ் தடவலாமா?

ப: வேண்டாம். வழுக்கிக்கொண்டு அளவுக்கு மீறி இறுகும். 14 மி.மீ. பிளக்குக்கு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் 25 நியூட்டன் மீட்டர் போதும். முதலில் கையால் திருகுங்கள், என்ஜின் ஆறிய பிறகு.