தெரபிஸ்ட் காட்டும் அன்பு நிஜமா, வாங்கும் காசுக்கா?

இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள்: காசு வாங்கிக்கொண்டு காட்டும் அன்பு எப்படி நிஜமாகும், தெரபிஸ்ட் மேல் ஒரு ஈர்ப்பு வந்துவிட்டால் அதை அவரிடம் சொல்லலாமா.

நான் தெரபிஸ்ட் இல்லை, எதிர் நாற்காலியில் சில வருடங்கள் உட்கார்ந்தவன். உங்கள் முதல் சந்தேகத்தை என் தெரபிஸ்டிடமே கேட்டிருக்கிறேன். "ஃபீஸ் என் நேரத்துக்கு. உங்கள்மேல் அக்கறை வருவதும் வராததும் அதில் சேர்த்தி இல்லை" என்றார். அன்றைக்கு அது சாமர்த்தியமான பதிலாகப் பட்டது. இப்போது சரியான பதிலாகவே படுகிறது. ஃபீஸ் கொடுத்துவிடுவதால் அவருக்கு நான் வேறெதுவும் பாக்கி இல்லை. அவர் மனம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டாம், நன்றாகிவிட்டதுபோல் நடிக்க வேண்டாம். வீட்டில் கிடைக்கும் அன்புக்கு இந்த வசதி கிடையாது.

ஒரு நாள், செஷன் முடியப்போகும் நேரத்தில் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை, ஆனால் நேரத்தை நீட்டவும் இல்லை. "இன்றைக்கு இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது, அடுத்த வாரம் இதிலிருந்தே தொடங்கலாம்" என்று எழுந்துவிட்டார். வந்ததே கோபம்! அடுத்த வாரம் போய், "உங்களுக்கு நான் ஒரு டோக்கன் நம்பர், அவ்வளவுதானே?" என்று கேட்டேன். அவர் தன் பக்க நியாயம் எதையும் எடுக்கவில்லை. "கதவைச் சாத்திக்கொண்டு போனபோது எப்படி இருந்தது, அதைச் சொல்லுங்கள்" என்றார். ஒருவர்மேல் இருக்கும் கோபத்தை அவரிடமே சொல்லி, அதன் பிறகும் அவர் எனக்கு மிச்சமிருந்தது எனக்கு முற்றிலும் புதிது. என்னை மாற்றியது அவருடைய அறிவுரைகள் என்று நான் நினைக்கவில்லை. சொல்லப்போனால் அவற்றில் பாதி மறந்துவிட்டது.

விண்ணிகாட் என்ற பிரிட்டிஷ் மனப்பகுப்பாய்வாளர் 1947-லேயே இதைப் பேசியிருக்கிறார். நோயாளிமேல் மருத்துவருக்கு வெறுப்பும் வரும், செஷனைக் குறித்த நேரத்தில் முடிப்பதிலேயே அது கொஞ்சம் வெளிப்பட்டுவிடுகிறது என்றார். எனக்கு இது ஆறுதலான கருத்து. சில நாள் என்னைச் சகிக்க முடியாமல் போனாலும் அடுத்த வாரம் எனக்கான நேரத்தை ஒதுக்கி வைப்பவரின் அன்பைத்தான் என்னால் நம்ப முடிகிறது.

மருத்துவர் எவ்வளவு அன்பு காட்டலாம் என்பதில் இந்தத் துறையின் பெரியவர்களே சண்டை போட்டிருக்கிறார்கள். மனப்பகுப்பாய்வு என்ற பேச்சுச் சிகிச்சையைத் தொடங்கிய ஃபிராய்ட், 1906-ல் யுங் என்ற இன்னொரு மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சிகிச்சை அடிப்படையில் அன்பினால் குணமாவதுதான் என்கிறார். ஆனால் அவருடைய சீடர் ஃபெரென்சி, சிறுவயதில் காயப்பட்டவர்களுக்கு மருத்துவரின் விறைப்பே இன்னொரு காயமாகிவிடும் என்று நினைத்து நெருக்கத்தை அதிகப்படுத்தியபோது, எல்லை மீறுகிறீர்கள் என்று 1931-ல் கண்டித்து எழுதியவரும் ஃபிராய்ட்தான். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆய்வுகளிலும் தெரபிஸ்டோடு உள்ள பிணைப்புக்கும் பலனுக்கும் தொடர்பு தெரிகிறது. கிட்டத்தட்ட 300 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வந்த கணக்கில் அந்தத் தொடர்பு 0.28 அளவுக்கு இருந்தது (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). மிதமான தொடர்புதான், ஆனால் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

சரி, ஈர்ப்புக்கு வருவோம். சொல்லுங்கள். ஃபிராய்ட் 1915-ல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். நோயாளியின் காதலுக்கு மருத்துவர் இணங்கவும் கூடாது, அதை அடக்கி விரட்டவும் கூடாது, அதையே சிகிச்சையின் பேச்சாக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் காதலைத் தன் அழகுக்குக் கிடைத்த வெற்றியாக மருத்துவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் எச்சரிக்கிறார். நல்ல தெரபிஸ்ட் பதறமாட்டார், கேலி செய்யமாட்டார், அந்த உணர்வு எதைத் தேடுகிறது என்று உங்களோடு சேர்ந்து பார்ப்பார்.

"எனக்கும் அப்படித்தான்" என்று பதில் வந்தாலோ, செஷனுக்கு வெளியே தனியாகச் சந்திக்கலாம் என்றாலோ, இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாலோ வேறு ஆளைப் பாருங்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைப்படி சிகிச்சை நடக்கும்போது பாலுறவுக்கு முழுத் தடை. முடிந்த பிறகும் குறைந்தது 2 வருடங்களுக்குக் கூடாது, அதற்கு மேலும் மிக அபூர்வமான சூழலில்தான். நீங்கள் சம்மதித்தீர்கள் என்பது அங்கே அவருக்குச் சாக்காகாது. உங்கள் ஊரில் புகார் கொடுக்க அமைப்பு இருந்தால் அங்கேயும் போகலாம்.