மூணேமுக்கால் வட்டி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்குச் சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில்லிங் பிரிவில் வேலை. பிடித்தம் போக 26,000 கைக்கு வரும். சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியிலிருந்து கிரெடிட் கார்டு வாங்கச் சொல்லி விடாமல் போன் வருகிறது. லிமிட் ஒரு லட்சமாம், ஆயுசுக்கும் கட்டணம் கிடையாதாம். வருகிற தையில் தங்கச்சிக்குக் கல்யாணம். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ என்று சீர் சாமான்களைக் கார்டில் எடுத்துவிட்டு மெதுவாகக் கட்டலாம் என்று நினைத்தேன். மண்டபத்து அட்வான்சுக்குக்கூடத் தெரிந்த கடையில் கார்டைத் தேய்த்து ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் கூட வேலை பார்ப்பவர். அப்பா விவசாயி. விஷயத்தைச் சொன்னதும், "கந்துவட்டிக்குப் பேன்ட் சட்டை மாட்டி விட்டிருக்கான், அம்புட்டுதாம்ல" என்று எழுந்து போய்விட்டார். அப்பா சொல்வது சரியா? பெயர் போடாமல் பதில் எழுதினால் நல்லது.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா வட்டியைப் பற்றிச் சொன்னது சரி. கார்டைப் பற்றிச் சொன்னதில் பாதிதான் சரி.

நம் பக்கம் வட்டியை யாரும் வருஷக் கணக்கில் பேசுவதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு, அவ்வளவுதான். ஒரு வட்டி, ரெண்டு வட்டி, மூணு வட்டி. கார்டு விற்க வருகிறவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை ரிவார்டு பாயின்டுக்குத் திருப்பிவிடுவார். பொடி எழுத்தைத் தேடிப் படித்தால் பெரும்பாலான கார்டுகளில் மாதம் 3.5 அல்லது 3.75 சதவீதம் என்று இருக்கும். நம் கணக்கில் மூணேமுக்கால் வட்டி, வருஷத்துக்கு 45 சதவீதம். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. நம்மூர் வட்டிக்காரர்கூட வட்டிக்கு வரி கேட்டதில்லை.

சட்டம் தடுக்காதா என்றால், தடுக்காது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் கார்டு வட்டி வருஷம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. வங்கிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது.

ஆனால் இந்த வட்டி எல்லோருக்கும் விழுவதில்லை. பில்லில் இரண்டு தொகை இருக்கும். ஒன்று டோட்டல் டியூ, அதாவது மொத்தப் பாக்கி. இன்னொன்று மினிமம் டியூ, அந்த மாதம் குறைந்தது கட்டியே ஆக வேண்டிய தொகை. முதலாவதைக் கெடுவுக்குள் முழுசாகக் கட்டுகிறவர் ஒரு பைசா வட்டி கொடுக்க வேண்டாம். இரண்டாவதைக் கட்டுகிறவரை வைத்துத்தான் வங்கி பிழைக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மாதாமாதம் 5-ம் தேதி பில், 25-ம் தேதி கெடு என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் 10-ம் தேதி டவுனில் 40,000 ரூபாய்க்குச் சாமான் எடுக்கிறீர்கள். நவம்பர் 5-ல் பில் வரும். நவம்பர் 25-க்குள் 40,000-ஐயும் கட்டிவிட்டால், 46 நாள் வங்கிப் பணத்தைச் சும்மா வைத்திருந்த மாதிரி ஆயிற்று. அப்படியில்லாமல் மினிமம் டியூ 5 சதவீதம், அதாவது 2,000 மட்டும் கட்டினீர்கள் என்றால்? மீதி 38,000-க்குத்தான் வட்டி, அதுவும் 25-ம் தேதிக்கு அப்புறம்தான் என்று நினைப்போம். அப்படி இல்லை. வட்டி சாமான் எடுத்த அன்றிலிருந்து ஓடும். அக்டோபர் 10 முதல் நவம்பர் 25 வரை முழு 40,000-க்கும், அதற்கப்புறம் 38,000-க்கும். டிசம்பர் 5-ம் தேதி பில்லில் வட்டி ஏறக்குறைய 2,737, ஜிஎஸ்டி 493, ஆக 3,230 ரூபாய் ஏறியிருக்கும். 2,000 கட்டிய பிறகு பாக்கி 41,230! எடுத்ததை விட அதிகம். அடுத்த மினிமம் டியூவும் இந்த வட்டியைச் சேர்த்துக்கொண்டு பெரிதாகவே வரும்.

இதோடு போனால் பரவாயில்லை. பாக்கி இருக்கிற வரைக்கும் புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வழியில் 300 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டாலும் அன்றைக்கே வட்டி ஆரம்பம். மினிமம் மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இழுக்கும், கூட்டு வட்டி ஏறும் என்று பில்லிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அச்சிடுகிறார்கள். யார் படிக்கிறோம்?

இனி சீர் சாமானுக்கு வருவோம். மூன்றும் சேர்ந்து 60,000 வைத்துக்கொண்டாலும், 26,000 சம்பளத்தில் ஒரே கெடுவில் உங்களால் கட்ட முடியாது. "மெதுவாகக் கட்டலாம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மெதுவுக்குத்தான் மூணேமுக்கால் வட்டி. அதற்குப் பதில் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வாங்கினால் முக்கால் வட்டி, மிஞ்சினால் ஒரு வட்டியில் முடியும். கல்யாண வீட்டில் நகையை அடகு வைக்கச் சொல்கிறானே என்று திட்ட வேண்டாம், பொண்ணுக்குப் போடுகிற நகையைச் சொல்லவில்லை. அம்மாவிடம் பேசிப் பாருங்கள், பீரோவில் ஏதாவது இருக்கும். கார்டிலேயே இஎம்ஐ, அதாவது மாதத் தவணை போட்டால் ஒன்றேகால் வட்டி அளவில் வரும், பிராசசிங் கட்டணம் தனி. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று கடைக்காரர் சொல்வதிலும் வட்டிக்கான ஜிஎஸ்டி பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

ஒரே ஒரு வழியில் கார்டு உங்களுக்கு உதவும். கார்த்திகையிலோ மார்கழியிலோ உங்களுக்குச் சீட்டுப் பணம் வருவது உறுதி என்றால், பில் போட்ட மறுநாள் சாமானை எடுத்துவிட்டுக் கெடு நாளில் முழுசாகக் கட்டிவிடலாம். பணம் உறுதியாக வர வேண்டும். வரும் என்ற நம்பிக்கை போதாது.

கார்டைத் தேய்த்து ரொக்கம் வாங்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். கடைக்காரர் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ பிடித்துக்கொள்வார். வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கும். எங்கள் பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் ஒரு கார்டில் தேய்த்து இன்னொரு கார்டைக் கட்டி, அதைத் தேய்த்து மூன்றாவதைக் கட்டி என்று 'ரொட்டேஷன்' ஓட்டினார். சுற்றுக்குச் சுற்று கமிஷன் போயிற்று. கடைசியில் போனது கடை. ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பதும் அந்த வகைதான். 10,000 எடுத்தால் பல வங்கிகளில் 500 ரூபாய் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி 90, எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஒரு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறேன், கல்யாணம் முடிந்த பிறகு. மாதச் சம்பளக்காரருக்கு அதில் நன்மை இருக்கிறது. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது சிபில் ஸ்கோர் பார்ப்பார்கள், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்குப் போடும் மார்க், 300-லிருந்து 900 வரை ஓடும் கணக்கு அது. சின்னச் சின்னதாக வாங்கி ஒழுங்காகக் கட்டி வந்தால் ஸ்கோர் ஏறும். ஆன்லைனில் யாராவது ஏமாற்றினால் டெபிட் கார்டில் போவது உங்கள் சம்பளம். கிரெடிட் கார்டில் முதலில் மாட்டுவது வங்கியின் பணம், உடனே புகார் செய்தால் தகராறு முடியும் வரை வீட்டுச் செலவு நிற்காது. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டால் மட்டும் பொறுப்பு உங்கள் மேல்தான். அப்புறம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அட்வான்ஸ் கட்டுங்கள் என்று ஆஸ்பத்திரி கவுன்டரில் சொல்லும்போது மனிதர்கள் படுகிற பாட்டை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் அந்தக் கவுன்டருக்கு உள்ளேயே இருக்கிறீர்கள். அந்த நேரத்தில் கார்டைத் தேய்த்துவிட்டு, கெடுவுக்கு முன்னால் நகைக்கடன் வாங்கி அடைத்துவிடலாம்.

வாங்கும்போது ஆட்டோ டெபிட் படிவத்தை, அதாவது சம்பளக் கணக்கிலிருந்து பில்லுக்குத் தானாகப் பணம் பிடிக்கும் படிவத்தை, கவனமாகப் பாருங்கள். டோட்டல் டியூவா, மினிமம் டியூவா என்று இரண்டு கட்டம் இருக்கும். டோட்டலில் டிக் போடுங்கள். ஆள் பக்கத்தில் நின்று "மினிமமே போதும் சார்" என்றாலும் சரி. ரூபே கார்டை யுபிஐ-யில் இணைக்கலாம் என்று 2022-லிருந்து வசதி வந்திருக்கிறது, அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். டீக்கும் புரோட்டாவுக்கும் க்யூஆரைக் காட்டிக்கொண்டே போனால் மாதக் கடைசியில் தலை சுற்றும்.

அப்பாவுக்குக் கார்டு வேண்டாம். அவருக்குப் பணம் வருவது கார் நெல் அறுத்த பிறகும் பிசான நெல் அறுத்த பிறகும். பாபநாசம் அணையில் தண்ணீர் திறப்பது தள்ளிப்போனால் அறுப்பும் தள்ளிப்போகும், 25-ம் தேதி தள்ளிப்போகாது. அவருக்கென்று இருப்பது கிசான் கடன் அட்டை. 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனைக் காலத்தில் கட்டினால் வருஷத்துக்கு 4 சதவீதம், கால் வட்டிக்குச் சற்று மேல்.

அவர் கோபப்பட்டதைப் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். தினவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுக்க 2003-லேயே சட்டம் வந்தது. அப்படியும் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் தாய், தகப்பன், இரண்டு பச்சைக் குழந்தைகள் கந்துவட்டிக்காகத் தீயில் போனார்கள். அதைப் பார்த்தவர்களுக்குக் கடன் என்ற சொல்லே நடுங்க வைக்கும். கார்டுக்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, புகார் சொல்ல ஒம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இந்த வித்தியாசத்தை அவரிடம் சொல்லுங்கள். வட்டி விகிதத்தில் மட்டும் அவரோடு வாதம் செய்யாதீர்கள், தோற்றுவிடுவீர்கள்.

போன் தொல்லைக்கு: நீங்கள் கேட்காமலே கார்டு அனுப்புவது ரிசர்வ் வங்கி விதிகளின்படி தப்பு. அப்படி வந்த கார்டுக்குப் பில் போட்டால், அதை ரத்து செய்வதோடு பில்லைப் போல இரண்டு மடங்கு அபராதமும் உங்களுக்குத் தர வேண்டும். கார்டு வழங்கிய நாளிலிருந்து 30 நாளுக்கு மேல் நீங்கள் அதை உயிர்ப்பிக்காமல் இருந்தால் ஓடிபி மூலம் சம்மதம் கேட்பார்கள். நீங்கள் சம்மதிக்காவிட்டால் கேட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாளில், காசு வாங்காமல், கணக்கை அவர்களே மூட வேண்டும்.

பத்திரிகை அடித்ததும் ஒன்று அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி