கல் செடிக்கு எப்போது தண்ணீர் ஊற்றக் கூடாது?

கேள்வி: கூழாங்கல்லைப் போலத் தோன்றும் லித்தாப்ஸ் செடி ஒன்றை வளர்த்து வருகிறேன். பூத்து முடிந்த சில வாரங்களில் இலைகளின் நடுப்பிளவு அகன்று, வெளிப்புறம் சுருங்கத் தொடங்கிவிட்டது. தாகத்தால் வாடுகிறது என்றெண்ணி வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றுகிறேன், சுருக்கம் குறையவில்லை. செடி பிழைக்குமா?

பதில்: பிழைக்கும், ஆனால் தண்ணீர் ஊற்றுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். உங்கள் செடி வாடவில்லை, ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் இலை மாற்றத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறது. லித்தாப்ஸின் உடல் என்று நாம் பார்ப்பது சதைப்பற்றுள்ள ஒரு ஜோடி இலைகளே. பூத்து ஓய்ந்த பின் அவற்றின் பிளவுக்குள் புதிய ஜோடி ஒன்று உருவாகி, பழைய இலைகளில் சேர்ந்திருக்கும் நீரையும் சத்தையும் உறிஞ்சிக்கொண்டே வளர்கிறது. பழைய ஜோடி சுருங்கிச் சுருங்கி, கடைசியில் காகிதம் போன்ற வெறும் தோலாகிவிடும். இதற்குச் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்கள் முழுவதும் நாம் செய்யவேண்டியது ஒன்றுமில்லை என்பதுதான் இந்தச் செடியை வளர்ப்பவர்களுக்கு மிகவும் கடினமான வேலை.

இடையில் தண்ணீர் கிடைத்தால், பழைய இலைகள் தம் நீரைப் புதியவற்றுக்குக் கொடுக்காமல் மீண்டும் உப்பிக்கொள்ளும். புதியவை அவற்றுக்கிடையே நெருக்குண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடிகள் நிற்கும் நிலை வரும். பெரும்பாலும் அதன் முடிவு அழுகல்தான். பழைய தோல் முற்றிலும் உலர்ந்த பிறகு, தொட்டி மண் முழுவதும் நனைந்து அடியில் வடியும்வரை ஒருமுறை ஊற்றுங்கள். அடுத்த முறை ஊற்றுவதற்கு மண் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இலையின் பக்கவாட்டில் மெல்லிய சுருக்கமும் தெரிய வேண்டும். விரலால் மெல்ல அழுத்தும்போது இலை விறைப்பாக இருந்தால் காத்திருக்கலாம். உலர்ந்த தோலைப் பிய்த்தெடுக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். அது தானாகவே கழன்றுகொள்ளும். விதையிலிருந்து முளைத்து ஓராண்டு நிறையாத நாற்றுகளுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. சேமிப்பு குறைவான அவற்றுக்கு அடிக்கடி சிறிது ஈரம் வேண்டும்.

இந்தச் சிக்கனம் அதன் தாயகத்தில் கற்றது. தென்னாப்பிரிக்கா, நமீபியா ஆகிய நாடுகளின் வறண்ட சரளை நிலங்களில், மேய்ச்சல் விலங்குகளின் கண்ணில் படாமல் கற்களோடு கல்லாக இது வாழ்கிறது. விலங்குகள் மட்டுமல்ல, தேர்ந்த தாவர ஆய்வாளரும் ஏமாந்திருக்கிறார்: 1811-இல் தென்னாப்பிரிக்காவில் வில்லியம் பர்ச்செல் விநோதமான கூழாங்கல் என்று நினைத்துக் கையில் எடுத்ததுதான் அறிவியல் உலகம் பதிவுசெய்த முதல் லித்தாப்ஸ். கிரேக்க மொழியில் கல்லைப் போன்ற தோற்றமுடையது என்று பொருள்படும் இப்பேரினப் பெயரை 1922-இல் சூட்டியவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் என். இ. பிரவுன்.

கேள்வி: என் லித்தாப்ஸ் தட்டையாக இல்லாமல் விரலைப் போல மேல்நோக்கி நீண்டு வெளிறியிருக்கிறது. மீண்டும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: இந்த இலைகளை முடியாது, அடுத்து வரும் ஜோடியை முடியும். வெளிச்சம் போதாததால் செடி வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது. இயற்கையில் இதன் உடலில் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். ஒளி ஊடுருவக்கூடிய மேற்பரப்பு சன்னலைப் போலச் செயல்பட்டு, உள்ளே இருக்கும் பச்சையத்துக்கு வெளிச்சத்தை அனுப்பும். அந்தச் சன்னலில் நாள்தோறும் 4 அல்லது 5 மணி நேரமாவது நேரடி வெயில் பட வேண்டும். ஆனால் நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் உச்சி வெயிலில் வைத்தால் இலை வெந்து தழும்பாகும். ஆகவே காலை வெயிலில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

கேள்வி: துளையில்லாத அழகிய கண்ணாடிக் கிண்ணத்தில் நடலாமா?

பதில்: வேண்டாம். அடியில் தேங்கும் நீர் கண்ணுக்குத் தெரியாமலேயே வேரை அழுகவைத்துவிடும். செடி சிறிதாக இருந்தாலும் ஆணிவேர் ஆழமாகச் செல்லும் என்பதால், துளையுள்ள, 10 செ.மீ. ஆழத் தொட்டி பொருத்தமானது. மண் கலவையில் நான்கில் மூன்று பங்கு பருமணல், பியூமிஸ் (நுண்துளைகள் நிறைந்த எரிமலைக் கல்), பெர்லைட் (சூட்டில் பொரிந்த எரிமலைக் கண்ணாடித் துகள்) போன்றவையாக இருக்கட்டும்.

கேள்வி: என்னிடம் உள்ள ஒற்றைச் செடி பூக்கிறது, விதை மட்டும் பிடிப்பதில்லை. ஏன்?

பதில்: லித்தாப்ஸ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. வேறொரு விதையிலிருந்து வளர்ந்த இரண்டாவது செடியும் அதே சமயத்தில் பூக்க வேண்டும். மலர்கள் பெரும்பாலும் பிற்பகலில் விரிந்து மாலையில் கூம்பும். விரிந்திருக்கும் வேளையில் மென்மையான தூரிகையால் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றில் தடவுங்கள். விதைக்கூடு முற்றி உலர்ந்த பிறகும் வெடிக்கவில்லையே என்று அதை உடைக்க வேண்டாம். மழை நாளில் மட்டும் விதைகளைச் சிதறவிடுவதற்காக, நனைந்தால் திறக்கும்படி அமைந்த கூடு அது. ஒரு தட்டில் வைத்துச் சில துளி நீர் விடுங்கள். சில நிமிடங்களில் தானே விரியும். தூசியைப் போல நுண்ணிய அந்த விதைகளை, மண்ணால் மூடாமல், ஈரமான கலவையின் மேலேயே தூவிவிடுங்கள்.