உறுமி காரில் ஏன் மெலிகிறது?

கேள்வி: தைப்பூசக் காவடிக்காக எங்கள் குழு பாடும் முருகன் பாடல்களை, வீட்டின் பின்னறையில் நானே பதிவு செய்து மிக்ஸிங் செய்கிறேன். அறையின் நீளம் 3.4 மீட்டர், என் நாற்காலி பின்சுவரை ஒட்டியே இருக்கிறது. அங்கே நிறைவாகக் கேட்கும் உறுமி, காரில் போட்டால் மெலிந்துவிடுகிறது. இரைச்சல் ஒலியை ஓடவிட்டு ஸ்பீக்கர்களை அளவிட்டால் சரியாகிவிடுமா?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அளவிடத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன் நாற்காலியை நகர்த்துங்கள். 3.4 மீட்டர் நீளமுள்ள அறையில் சுமார் 50 ஹெர்ட்ஸிலும், அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸிலும் ஒலி இரு சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி, சில இடங்களில் கூடியும் சில இடங்களில் குறைந்தும் அசையாமல் நிற்கும் நிலையலையாகிவிடும். அந்த அலைகள் எல்லாவற்றின் அழுத்தமும் சுவரருகே உச்சத்தில் இருப்பதால், வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து எழுப்பும் அந்த உறுமலின் அடிப்பகுதியை உங்கள் பின்சுவர் கூட்டிக் காட்டுகிறது. அதை நம்பி நீங்கள் உறுமியைக் குறைத்து வைக்கிறீர்கள். அந்தச் சுவர் இல்லாத காரில் குறை தெரிந்துவிடுகிறது. அறையின் நட்டநடுவும் ஆகாது, அங்கே 50 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய மறைந்துவிடும். முன்சுவரிலிருந்து சுமார் 1.3 மீட்டரில் உங்கள் தலை இருக்கும்படி அமர்ந்து தொடங்குங்கள்.

இனி அளவீடு. இதற்கு ஏற்றது பிங்க் நாய்ஸ். ஒவ்வொரு ஸ்தாயியிலும் சமமான ஆற்றல் கொண்ட இரைச்சல் இது. ஒற்றைச் சுருதியை ஒலிக்கவிட்டு அளந்தால், மீட்டரை ஒரு சாண் நகர்த்தினாலே எண் மாறிவிடும். சராசரி மட்டம் மைனஸ் 20 டெசிபலில் (டிஜிட்டல் கோப்பின் உச்ச மட்டத்துக்கு 20 டெசிபல் கீழே) உள்ள பிங்க் நாய்ஸ் கோப்பை இடது ஸ்பீக்கரில் மட்டும் ஓடவிடுங்கள். ஒலிமட்ட மீட்டரை, அடிச்சுருதிகளையும் ஏறக்குறைய முழுதாகக் கணக்கிடும் 'சி' எடை அமைப்பிலும், எண் நிதானமாக மாறும் 'ஸ்லோ'விலும் வைத்து, நாற்காலியில் உங்கள் காது இருக்கும் உயரத்தில் ஒரு கம்பில் கட்டி நிறுத்துங்கள். கையில் பிடித்தால் உங்கள் உடலில் பட்டுத் திரும்பும் ஒலியும் கணக்கில் சேர்ந்துவிடும். திரைப்பட மிக்ஸிங் கூடங்களில் ஒவ்வொரு திரை ஸ்பீக்கருக்கும் 85 டெசிபல் வைப்பார்கள். உங்கள் அறைக்கு அது மிகை, 76 போதும். ஸ்பீக்கரின் பின்புறக் குமிழைத் திருகி அந்த எண்ணுக்குக் கொண்டுவந்து, வலது ஸ்பீக்கரையும் தனியாக ஓடவிட்டு அதே எண்ணில் நிறுத்துங்கள். மீட்டர் இல்லையென்றால் கைப்பேசிச் செயலியும் இரண்டையும் சமன்செய்ய உதவும். அது காட்டும் எண்ணை மட்டும் உண்மையான டெசிபலாகக் கொள்ளாதீர்கள்.

பிறகு அதே இரைச்சலை இரண்டிலும் சேர்த்து ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். அது உங்கள் எதிரே, நடுவில் ஒரு புள்ளியிலிருந்து வர வேண்டும். இடம் பிடிபடாமல் பரவி, அடிக்குரலும் வற்றியிருந்தால், ஒரு ஸ்பீக்கரின் கம்பி தலைகீழாக இணைக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

எல்லாம் சரியானதும், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் முதன்மைக் குமிழ் நிற்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஒலி குறையக் குறைய நம் காது அடிச்சுருதிகளைக் குறைவாகவே கேட்கிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். ஆகவே, வீட்டார் உறங்கும் நேரத்தில் ஒலியைத் தாழ்த்தி உறுமியின் அளவை முடிவு செய்யாதீர்கள். அந்த முடிவைப் பகலில், டேப் ஒட்டிய இடத்தில் குமிழை வைத்து எடுங்கள். புதிய இடத்தில் அமர்ந்து பழைய பாடல் ஒன்றைத் திறந்தால், உறுமியைச் சற்று உயர்த்தத்தான் உங்கள் கை போகும்.