வாசகர் கேள்வி – பதில்: லாகோஸ் முதல் நைரோபி வரை இளம்பெண்களின் உடையும் கூந்தலும்

சென்ற இதழில் வெளியான ஆப்பிரிக்க நகரங்களின் உடை பற்றிய படத்தொகுப்பைப் பார்த்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: ஆடை வடிவமைப்பு படிக்கிறேன். ஆப்பிரிக்கப் பெண்களின் படங்கள் என்றாலே பளிச்சென்ற அச்சுத் துணியில் தைத்த அங்கியும் பெரிய தலைக்கட்டும்தான் கண்ணில் படுகின்றன. அங்குள்ள கல்லூரி மாணவிகளும் வேலைக்குப் போகும் பெண்களும் அன்றாடம் இப்படித்தான் உடுத்துகிறார்களா? – வாசகி, திருப்பூர்

இல்லை. 54 நாடுகள் கொண்ட கண்டத்துக்கு ஒரே உடை இருக்க வழியில்லை. நைஜீரியாவின் லாகோஸ், கானாவின் அக்ரா, கென்யாவின் நைரோபி போன்ற பெருநகரங்களில் வங்கியிலோ கணினி நிறுவனத்திலோ வேலை பார்க்கும் இளம்பெண் வார நாட்களில் சட்டையும் கால்சட்டையும், அல்லது முழங்கால் வரையிலான கவுனும் அணிந்துதான் பேருந்து ஏறுகிறாள். மாணவிகளுக்கு ஜீன்ஸும் டி-சர்ட்டும் போதும். வெள்ளிக்கிழமை வந்தால் காட்சி மாறும். கானாவில் 2004ஆம் ஆண்டு அரசே வெள்ளிக்கிழமைகளில் உள்நாட்டு அச்சுத் துணிகளை அணியும்படி ஊக்குவிக்கத் தொடங்கியது. நைஜீரிய அலுவலகங்களிலும் அன்று நாட்டு உடையில் வருவது வழக்கமாகிவிட்டது.

நீங்கள் படத்தில் பார்த்தது பெரும்பாலும் நைஜீரியாவில் அன்காரா என்று அழைக்கப்படும் மெழுகு அச்சுத் துணியாக இருக்கும். இதன் வரலாறு சுற்றி வளைத்துச் செல்வது. துணியில் மெழுகால் கோலமிட்டுச் சாயம் தோய்க்கும் ஜாவாவின் கைவினைப் பாத்திக்கை இயந்திரத்தில் செய்து அங்கேயே விற்கலாம் என்று டச்சுக்காரர்கள் முயன்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தத் துணி மேற்கு ஆப்பிரிக்கக் கரையை அடைந்தபோது, அங்கிருந்த பெண் வணிகர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். நெதர்லாந்தின் ஹெல்மண்ட் நகரில் 1846இல் தொடங்கிய விலிஸ்கோ நிறுவனம் இன்றும் அந்தச் சந்தைக்காகவே அச்சிடுகிறது. டோகோவின் லோமே நகரில் இந்த வணிகத்தால் செல்வம் சேர்த்து மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் வலம் வந்த பெண்களுக்கு நானா பென்ஸ் என்றே பெயர் நிலைத்தது. எந்த வடிவம் விற்கும், அதற்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானித்தவர்கள் அவர்கள்தான். ஆகவே, நெய்யப்பட்டது எங்கே என்பதை மட்டும் வைத்து அது ஆப்பிரிக்கத் துணி அல்ல என்று வாதிடுவோரின் கருத்து எனக்கு ஏற்புடையதாக இல்லை.

வடிவமைப்பு மாணவியான நீங்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அங்கே துணி வாங்குவதோடு பாதி வேலைதான் முடிகிறது. லாகோஸின் பலோகன் சந்தையில் ஆறு கெஜத் துணியை வாங்கும் பெண், கைபேசியில் சேமித்து வைத்திருக்கும் நான்கைந்து படங்களோடு தன் தையற்காரரிடம் போகிறாள். ஒரு படத்திலிருந்து கழுத்து, இன்னொன்றிலிருந்து கை, மூன்றாவதிலிருந்து இடுப்புக்குக் கீழே விரியும் மடிப்பு என்று சேர்த்துச் சொல்லி, பூவோ வட்டமோ மார்பின் நடுவில் சரியாக வந்து அமையும்படி வெட்டச் சொல்கிறாள். மிஞ்சிய துண்டில் தலைக்கட்டோ கைப்பையோ பிறக்கிறது. சொன்ன தேதிக்குத் தையற்காரர் தராமல் இழுத்தடிப்பது அங்கும் பெரிய குறைதான். விழாவுக்கு முதல்நாள் இரவு கடை வாசலில் காத்திருக்காத பெண் லாகோஸில் அரிது. ஆனாலும் உடுத்துபவளே தன் உடையின் வடிவமைப்பில் பங்கெடுக்கும் இந்த வழக்கம், ஆயத்த ஆடைக் கடைகள் பெருகிய பின்னரும் தளரவில்லை.

அண்மை ஆண்டுகளில் இளம்பெண்களிடையே அடிரே என்னும் அவுரிச் சாயத் துணிக்குப் புதிய மவுசு வந்திருக்கிறது. தென்மேற்கு நைஜீரியாவில் வாழும் யோருபா மக்களின் அபியோகுட்டா நகரம் இதற்குப் பேர்போனது. மரவள்ளிக்கிழங்கு மாவைக் கூழாகக் காய்ச்சி, கோழி இறகால் துணிமேல் கோலம் வரைந்து, காய்ந்த பின் சாயத்தொட்டியில் பலமுறை முக்கி எடுத்துக் கூழைச் சுரண்டிவிட்டால், வரைந்த இடமெல்லாம் வெளிர்நிறமாக நிற்கும். அதில் தைத்த தொளதொளப்பான பூபூ அங்கி வெப்பத்துக்கு ஏற்றது. வீட்டிலும் அணியலாம், நல்ல காதணியும் செருப்பும் சேர்ந்தால் விருந்துக்கும் போகலாம். 2011 முதல் நடந்துவரும் லாகோஸ் ஃபேஷன் வீக், இளம் வடிவமைப்பாளர்களுக்கான எல்விஎம்எச் பரிசை 2019இல் வென்ற தென்னாப்பிரிக்க வடிவமைப்பாளர் தெபே மகுகு ஆகியோரைப் பற்றியும் தேடிப் படியுங்கள்; உங்கள் படிப்புக்கு மிகவும் பயன்படும்.

கேள்வி: என்னுடன் படித்த நைஜீரியத் தோழிக்கு லாகோஸில் திருமணம். தோழிகள் எல்லோரும் ஒரே துணியில் வர வேண்டும் என்று நிறமும் விலையும் குறிப்பிட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறாள். அழைத்த விருந்தினரிடமே துணிக்குப் பணம் கேட்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. நான் என்ன செய்வது? – வாசகி, சென்னை

வருத்தப்பட வேண்டாம், உங்களை அவள் தன் நெருங்கிய வட்டத்தில் சேர்த்திருக்கிறாள் என்பதுதான் அந்தச் செய்தியின் பொருள். இதற்கு ஆசோ எபி என்று பெயர். மணமகளின் உறவினர், மணமகனின் உறவினர், தோழியர் என ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறமும் துணியும் தேர்ந்தெடுக்கப்படும். குழுவில் உள்ளவர்கள் அதை விலைக்கு வாங்கி, தங்கள் விருப்பப்படி தைத்துக்கொள்வார்கள். துணி ஒன்றாக இருக்கும், தையல் ஆளுக்கு ஆள் மாறும்.

பணச்சுமை உண்மையானது. ஒரே மாதத்தில் மூன்று திருமணங்கள் வந்தால் இளம் சம்பளக்காரப் பெண் திணறித்தான் போகிறாள், அங்குள்ள பெண்களே இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே அன்பாகச் சொல்லிவிட்டு, அதே நிறத்தில் உங்களிடம் உள்ள உடையை அணிந்து செல்வதில் தவறில்லை. இயலுமானால் வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை. அளவை இங்கிருந்து அனுப்பித் தைக்கச் சொல்வதைவிட, துணியை வரவழைத்து உங்களுக்குப் பழக்கமான தையற்காரரிடம் கொடுப்பது நல்லது.

துணியோடு கெலே என்னும் தலைக்கட்டும் வரலாம். இசேயின் போன்ற ஊர்களில் குறுகிய பட்டைகளாக நெய்து இணைக்கும் ஆசோ ஓக்கே துணியிலோ, விறைப்பான பளபளத் துணியிலோ அது இருக்கும். நெற்றியின் மேல் விளிம்பில் தொடங்கி, காதின் மேல்பாதியை மூடி, ஒவ்வொரு மடிப்பையும் விரல்களால் நீவி அடுக்கிக்கொண்டே போய்ப் பின்னந்தலையில் முடிச்சிட வேண்டும். பழகாத கைக்கு இது எளிதில் வராது. திருமண வீடுகளில் இதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். அவர்களிடம் தலையைக் கொடுத்துவிடுங்கள். தொப்பிபோல் மாட்டிக்கொள்ளும் ஆயத்தக் கெலேயும் கிடைக்கிறது.

கேள்வி: நைஜீரியாவில் சென்னைத் துணியை விழாக்களில் உடுத்துகிறார்கள் என்று படித்தேன். இது உண்மையா? – வாசகர், காஞ்சிபுரம்

உண்மை. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணிகள் ஐரோப்பியக் கப்பல்கள் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றன. அங்கே மனிதர்களை அடிமைகளாக வாங்கிய வணிகத்தில் அந்தத் துணிகளும் கைமாறின என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கொடுமை ஓய்ந்த பின்னும் துணியின் மீதான விருப்பம் நீடித்தது. சென்னையைச் சுற்றியுள்ள நெசவூர்களில் கட்டம்போட்டு நெய்யப்பட்ட ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப் என்ற கைத்தறித் துணியை, நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்கள் இன்ஜிரி என்ற பெயரில் தம் மரபுடையாகவே ஏற்றுக்கொண்டார்கள். குடும்பங்கள் அதைப் பெட்டிகளில் பாதுகாத்துத் தலைமுறைகளுக்குக் கொடுக்கின்றன. பெரியவர்கள் இறந்தால் சடங்குக் கட்டிலை அலங்கரிக்கவும் அதை விரிக்கிறார்கள்.

கலாபாரிப் பெண்கள் அந்தத் துணியில் செய்யும் வேலைப்பாடு அரியது. கட்டங்களுக்குள் ஓடும் சில இழைகளை மட்டும் ஊசி முனையால் நெம்பி எடுத்து, பிளேடால் நறுக்கி, ஒவ்வொன்றாக உருவிவிடுகிறார்கள். வெட்டிய பிறகும் துணி குலையாது. இழை போன இடத்தில் வலைபோன்ற மெல்லிய கோலம் தோன்றும். பெலேட்டே பிட்டே என்று பெயர் பெற்ற இதைச் செய்ய மிகுந்த பொறுமை வேண்டும். நம் நெசவாளர் நெய்ததை அவர்கள் வெட்டி வேறொன்றாக்குகிறார்கள், அதனால்தான் அது அவர்களுடையதாகிறது.

இன்றைய இளம்பெண்களுக்கு இன்னும் பழக்கமானது ஜார்ஜ் என்னும் துணி. நைஜீரியாவின் இக்போ மக்களிடமும் கழிமுகப் பகுதியிலும் மணப்பெண் ஜார்ஜ் துணியை இடுப்பில் சுற்றி, லேஸ் ரவிக்கை அணிந்து, கழுத்திலும் தலையிலும் பவளமணி பூணுவாள். பழைய கட்டத் துணியின் இடத்தைச் சரிகையும் ஜமிக்கியும் வைத்த கனமான பட்டு வகைகள் பிடித்துவிட்டன. அவற்றிலும் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே போகிறது.

கேள்வி: எனக்கு ஆப்பிரிக்கப் பெண்களைப்போல் சிறுசிறு பின்னல்கள் போட்டுக்கொள்ள ஆசை. தினமும் எப்படிப் பராமரிக்கிறார்கள்? – வாசகி, திருநெல்வேலி

ஒரு முழுத்தலைப் பின்னலுக்கு நான்கு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். தலையைச் சதுரங்களாக வகிடு பிரித்து, செயற்கை இழைச் சவுரியைச் சேர்த்துப் பின்னி, கடைசியில் நுனிகளைச் சுடுநீரில் தோய்த்து அவிழாமல் செய்கிறார்கள். இரவில் பட்டுப்போன்ற வழவழப்பான துணித்தொப்பி அணிந்து உறங்குவது அன்றாடப் பழக்கம். பருத்தித் தலையணை ஈரப்பசையை உறிஞ்சிவிடும் என்பதே காரணம். வகிடுகளில் எண்ணெயும், வட கானா, புர்கினா பாசோ பகுதிகளில் பெண்கள் எடுக்கும் ஷியா வெண்ணெயும் தடவுவார்கள். ஆறு அல்லது எட்டு வாரங்களுக்குள் பின்னலை அவிழ்த்துத் தலைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இறுக்கிப் பின்னினால் நெற்றியோர முடி வேரோடு உதிரும். நம் நேரான வழுக்கும் முடியில் பின்னல் நிற்பதற்காகக் கூடுதலாக இறுக்க நேரிடும் என்பதால், முழுத்தலைக்கும் போடாமல் ஓரிரு பின்னலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் அறிவுரை.

இந்தக் கூந்தலுக்காக அந்தப் பெண்கள் பட்ட பாட்டையும் அறிந்துகொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில், தங்கள் இயல்பான சுருள்முடி ஒழுங்கற்றது என்று கண்டிக்கப்படுவதை எதிர்த்துக் கறுப்பின மாணவியர் போராடினார்கள். முடி பற்றிய விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ரசாயனத்தால் முடியை நேராக்குவதைக் கைவிட்டு, இயல்பு முடியோடு வேலைக்குப் போகும் பெண்கள் இன்று நகரங்களில் பெருகியிருக்கிறார்கள். அதே பெண் அடுத்த வாரம் நீண்ட விக் அணிந்து வருவதும் உண்டு, நம் கோயில்களில் காணிக்கையாக இறக்கிய முடியும் அந்தச் சந்தையை அடைகிறது. இரண்டும் அவளுடைய விருப்பம்.

கேள்வி: பழைய துணிகளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் அமைப்புக்குக் கொடுக்க நினைக்கிறேன். அது நல்ல உதவிதானே? – வாசகி, கோயம்புத்தூர்

கொடுப்பவருக்கு அது தானம். கப்பல் ஏறியதும் வணிகமாகிவிடுகிறது. அக்ராவின் கான்டமான்டோ பழைய துணிச் சந்தையில் பெண் வியாபாரி ஒருவர் ஏறத்தாழ 55 கிலோ எடையுள்ள பேல் எனப்படும் துணி மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே கடனுக்கு வாங்குகிறார். உள்ளே கறையும் கிழிசலும் இருந்தால் நட்டம் அவர் தலையில் விழும். அந்தப் பேலைக் கடைவரை தலையில் சுமப்பவர்களும் கானாவின் வடக்கிலிருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள்தான். அந்தச் சுமை கழுத்தையும் முதுகையும் வாழ்நாளுக்கும் பாதிக்கிறது. விற்காதவை சாக்கடையிலும் கடற்கரையிலும் சேர்கின்றன. 2025 ஜனவரி தொடக்கத்தில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீக்கிரையானது. வியாபாரிகள் மீண்டும் கடைகளை எழுப்பினார்கள்.

மறுபக்கமும் உண்டு. கென்யாவில் மிட்டும்பா என்று அழைக்கப்படும் பழைய துணி இல்லாவிட்டால், குறைந்த சம்பளத்தில் அழகாக உடுத்த வழியில்லாத பெண்கள் ஏராளம். நைரோபியின் கிகோம்பா சந்தையில் அதிகாலையிலேயே போய் நல்ல உருப்படிகளைத் தேர்ந்தெடுத்து, துவைத்து, சுருக்கித் தைத்து, இன்ஸ்டாகிராமில் விற்றுப் பிழைக்கும் மாணவியர் இருக்கிறார்கள். உள்நாட்டு நெசவைக் காக்க ருவாண்டா 2016இல் பழைய துணிகளுக்கான வரியைக் கிலோவுக்கு 0.20 டாலரிலிருந்து 2.50 டாலராக உயர்த்தியபோது, 2018இல் அமெரிக்கா அந்த நாட்டு ஆடைகளுக்கான வரிச்சலுகையை நிறுத்தியது. பழைய துணியை வேண்டாம் என்று சொல்லும் உரிமைகூட ஏழை நாட்டுக்கு எளிதில் கிடைப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

உங்கள் துணிகள் நல்ல நிலையில் இருந்தால் உங்கள் ஊரிலேயே தேவைப்படுவோரிடம் நேரில் கொடுங்கள். கிழிந்தவற்றையும் சாயம் போனவற்றையும் அந்த மூட்டையில் சேர்க்க வேண்டாம்.