கையில் பிடிக்கும் கேம் கன்சோலுக்குத் தண்ணீர்க் கூலிங்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சித்திரை வெயில் ஏறியதிலிருந்து வரும் கேள்வியெல்லாம் சூடு பற்றித்தான். அதில் தண்ணீர்க் கூலிங் பற்றிக் கேட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

அண்ணே, என் ஸ்டீம் டெக் கன்சோலில் பெரிய கேம் ஓடும்போது சிப் சூடு 90 டிகிரியைத் தொடுகிறது. கம்ப்யூட்டருக்குச் செய்வதுபோல் இதற்கும் பம்ப் வைத்துத் தண்ணீர் ஓட விடலாமா? (மார்த்தாண்டம்)

முதலில் பயத்தை விடுங்கள் தம்பி. இந்தச் சிப் 100 டிகிரியில்தான் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும், 105-ல் தானாக அணைந்துவிடும் என்று தயாரித்த வால்வ் நிறுவனமே சொல்லியிருக்கிறது. 90 சூடுதான், ஆனால் ஆபத்து இல்லை.

இன்னொரு விஷயம். உங்கள் டெக்குக்குள் திரவக் கூலிங் ஏற்கெனவே இருக்கிறது. சிப்பிலிருந்து ஃபேன் பக்கம் போகும் தட்டையான செப்புக் குழாய்தான் ஹீட் பைப். இந்த மாதிரிக் குழாய்களில் காற்றை உறிஞ்சிவிட்டுக் கொஞ்சமே கொஞ்சம் திரவம், பெரும்பாலும் தண்ணீர், விட்டு அடைத்திருப்பார்கள். உள்ளே அழுத்தம் குறைவு என்பதால் 100 டிகிரிக்கு வெகு முன்பே அது ஆவியாகி, ஃபேன் பக்கம் போய்க் குளிர்ந்து, மறுபடி நீராகித் திரும்பி வரும். பம்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஆகவே எந்த வேலை செய்தாலும் அந்தக் குழாயை வளைக்காதீர்கள், துளை போடாதீர்கள். ஒரு ஊசித்துளை போதும், அது வெறும் செப்புத் துண்டாகிவிடும்.

இனி நீங்கள் கேட்ட பம்ப். டெக்கின் சிப் அதிகபட்சம் 15 வாட் எடுக்கும். 100 மில்லி தண்ணீரை அதன்மேல் சுற்ற விட்டால், சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டர் இல்லாதபோது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 டிகிரி ஏறும். 30 டிகிரியில் தொடங்கிய தண்ணீர் பத்து நிமிடத்தில் 50-ஐத் தாண்டும். தண்ணீர் சுமடு தூக்கும் ஆள் மட்டும்தான், சுமையை இறக்கும் இடம் காற்று. எனவே ரேடியேட்டரும் அதற்கொரு ஃபேனும் வந்தே தீர வேண்டும். 669 கிராம் இருக்கும் டெக்கோடு இதையெல்லாம் சேர்த்தால் பஸ்ஸில் கையில் பிடித்து விளையாட முடியாது.

கேம் வேகமும் கூடாது. டெக்கின் வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்த 15 வாட் வரம்பு, சூடு அல்ல. தண்ணீரால் கிடைப்பது சத்தம் குறைவதும் கை வேகாமல் இருப்பதும்தான். டெக்கை டாக்கில், அதாவது டிவியோடு இணைக்கும் தாங்கியில் வைத்து டிவியில் விளையாடுகிறவருக்கு அது நல்ல லாபம். கையில் வைத்து விளையாடுகிறவருக்கு நான் செய்து தர மாட்டேன்.

டாக்கில் வைத்துத்தான் விளையாடுகிறேன். நானே செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது? (நாகர்கோவில்)

மைக்ரோ எஸ்டி கார்டைக் கழற்றுவதிலிருந்து! அதை உள்ளே விட்டுப் பின்மூடியைத் திறந்து கார்டை இரண்டாக உடைத்தவர்கள் ஏராளம். பிறகு பேட்டரி சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், லித்தியம் பேட்டரி பக்கத்தில் வேலை செய்கிறோம்.

பழைய ஹீட் பைப்பையும் ஃபேனையும் அப்படியே விட்டுவிடுங்கள். பின்மூடியில் ஜன்னல்போல் வெட்டி, ஹீட் பைப் மேல் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் வைத்து, அதன்மேல் தண்ணீர் உள்ளே ஓடும் சின்னச் செப்பு வாட்டர் பிளாக்கை உட்கார வையுங்கள். காற்று உள்ளே போகும் வழி பின்பக்கம்தான், அதை அடைத்துவிடாதீர்கள். பம்பும் ரேடியேட்டரும் மேசையில், டெக்கைவிடத் தாழ்வாக இருக்கட்டும். 120 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஒன்று தாராளம். அது செம்பு அல்லது பித்தளையாக இருக்க வேண்டும். செப்பு பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப் போகும்.

முக்கியமானது கசிவுச் சோதனை. டெக்கை வேறு அறையில் வைத்துவிட்டு, பம்ப், பிளாக், ரேடியேட்டர், குழாய் மட்டும் இணைத்து, அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்து, ஒரு பகலும் ஓர் இரவும் ஓட விடுங்கள். பேப்பரில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் இணைப்பை மாற்றிவிட்டு முதலிலிருந்து சோதிக்க வேண்டும். இந்த ஒரு நாளைப் பொறுக்க முடியாதவர் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

உள்ளே எந்தத் தண்ணீர் ஊற்றுவது? கிணற்றுத் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர்? தேங்காய் எண்ணெய் கரண்டைக் கடத்தாதாமே, அதை விட்டால்? (குளச்சல்)

கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்புப் படிந்து பிளாக்கின் மெல்லிய வரிகளை அடைத்துவிடும். ஆர்ஓவிலும் கொஞ்சம் உப்பு மிச்சமிருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கிறார்களே, அந்த டிஸ்டில்டு வாட்டர் சரி. அதோடு பாசி பிடிக்காமலும் உலோகம் அரிக்காமலும் இருக்கக் கம்ப்யூட்டர் கூலன்ட் கலந்துகொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் கரண்டைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் அது சுமக்கும் சூடு தண்ணீரில் பாதிதான், சின்ன பம்புக்கு அதைத் தள்ளுவதும் பாரம். 24 டிகிரி வாக்கில் உறையவும் தொடங்கும். மார்கழிக் காலையில் வீட்டுப் பாட்டிலைப் பார்த்திருப்பீர்களே.

பின்னால் கிளிப் போட்டு மாட்டும் போன் கூலர் ஐஸ்போல் குளிர்கிறது. தண்ணீருக்குப் பதில் அது போதுமா? (முட்டம்)

அதற்குள் இருப்பது பெல்டியர் தகடு. கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். நம் கடலோரத்தில் இதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது.

வெளியே 29 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள், நமக்கு அது சாதாரண நாள். அந்தக் காற்றில் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மீதும் பனித்துளி பிடிக்கும். பெல்டியர் அதற்கும் கீழே சுலபமாகப் போகும். ரேடியேட்டர் வைத்த தண்ணீர்க் கூலிங் அறைக் காற்றைவிடக் குளிர முடியாது, அதனால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

சில வருடங்களுக்கு முன் உங்கள் ஊர்ப் பக்கத்து நண்பர் ஒருவருக்குக் கன்சோலின் பின்மூடியை வெட்டி பெல்டியர் பதித்துக் கொடுத்தேன். ஆடி மாதம், சாரல் நேரம். முதல் வாரம் அவருக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவது வாரம் ஆன் ஆகவில்லை. திறந்தால் சார்ஜிங் கனெக்டரைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. துளியோடு உப்புக்காற்றும் சேர்ந்து செய்த வேலை. அந்த போர்டை என்னால் மீட்க முடியவில்லை, இன்றும் அது மனதை அறுக்கிறது. வாங்கிவிட்டீர்கள் என்றால் கேம் ஓடும்போது மட்டும், குறைந்த அளவில் வையுங்கள். கன்சோல் சும்மா இருக்கும்போது மாட்டவே மாட்டாதீர்கள்.

நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் சிப்மேல் பூசும் தெர்மல் பேஸ்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் போடலாமா? (குலசேகரம்)

வேண்டாம். அது கேலியம் கலந்த உலோகம், அலுமினியத்தில் பட்டால் தின்றுவிடும், கரண்டையும் கடத்தும். பிளேஸ்டேஷன் 5-ல் அதைப் போட்டிருக்கிறார்கள், ஆனால் அது ஒரே இடத்தில் இருக்கும் பெட்டி, உள்ளே கசியாமல் தடுப்பும் உண்டு. ஸ்விட்ச் பையில் குலுங்கும், கீழே விழும்.

என் மகனுடைய ஸ்விட்ச், சூடாகிவிட்டது என்று சொல்லித் தூங்கிவிடுகிறது. தண்ணீர்க் கூலிங் போட்டால் சரியாகும் என்கிறான். கடையில் கேட்கலாமா? (தக்கலை)

கேட்க வேண்டாம் அக்கா. அவன் கட்டிலில், மெத்தைமேல் வைத்து விளையாடுகிறானா என்று முதலில் பாருங்கள். காற்று உள்ளே இழுக்கும் துளைகள் பின்பக்கம் இருக்கின்றன, மெத்தை அதை மூடிவிடும். மேலே வெளியேறும் துளையில் கை வைத்தால் காற்று வர வேண்டும். வரவில்லை என்றால் ஃபேனில் தூசி, அல்லது ஃபேனே போயிருக்கலாம். 35 டிகிரிக்கு மேலான இடத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று நின்டெண்டோவே சொல்கிறது. ஓட்டு வீட்டு மச்சு அறை மத்தியானம் அதைத் தாண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் சுட்டால் ஃபேனைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஸ்விட்சின் பின்மூடி ஸ்க்ரூக்கள் மூன்று முனை கொண்டவை. சாதாரண ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துகிற கடை என்றால் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.